சாண்டனில் பெரிய பெயரா, டர்பனில் சின்ன அலுவலகமா?

இந்த மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில் நமக்கு வந்த கடிதங்களில் மூன்று, வேலைக்குக் கம்பெனியின் பெயரைப் பார்ப்பதா ஊரைப் பார்ப்பதா என்ற ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. அதனால் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 24. வீடு டர்பன் சாட்ஸ்வொர்த்தில். க்வாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இப்போது ஒரு கிடங்கு நிறுவனத்தில் இருக்கிறேன். கையில் இரண்டு ஆஃபர். ஒன்று உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும், எல்லோருக்கும் பெயர் தெரிந்த கன்சல்டிங் (மற்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும்) கம்பெனி, ஜோஹன்னஸ்பர்க்கில் சாண்டன் அலுவலகம். இன்னொன்று டர்பனை ஒட்டிய உம்ஷ்லாங்கா ரிட்ஜில் முப்பது நாற்பது பேர் இருக்கும் உள்ளூர் கன்சல்டிங் கம்பெனி, துறைமுகம், சர்க்கரை ஆலை, லாரிப் போக்குவரத்து இவைதான் அவர்கள் வேலை. எனக்கும் சரக்குப் போக்குவரத்துப் பக்கம்தான் ஆர்வம். சாண்டனில் சம்பளம் அதிகம். லெனேசியாவில் இருக்கும் மாமா, "அந்தப் பெயர் ஒருமுறை சிவியில் ஏறினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு, என் வீட்டிலேயே தங்கிக்கொள்" என்கிறார். அம்மாவோ, "அவ்வாவுக்கு (பாட்டிக்கு) உடம்பு சரியில்லை, இங்கேயே வேலை கிடைக்கும்போது அந்தத் திருட்டுப் பயத்தில் ஜோபர்க் எதற்கு, கோயில் குளம் என்று ஒன்று உண்டா அங்கே" என்கிறார். பத்து நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில்: தங்கச்சி, மாமா பெயரைப் பார்க்கிறார், அம்மா ஊரைப் பார்க்கிறார், இரண்டு பேருமே ஆஃபர் லெட்டரின் தலைப்பை மட்டும்தான் படித்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

முதலில் ஊர். கன்சல்டிங்கில் ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் ஊர் ஒன்று, நீ உட்கார்ந்து வேலை பார்க்கப்போகும் ஊர் வேறு. கிளையன்ட் எங்கேயோ அங்கேதான் நீ. இந்த நாட்டில் பெரிய வங்கிகளும் சுரங்கக் கம்பெனிகளும் பெரும்பாலும் ஜோஹன்னஸ்பர்க்கைத்தான் தலைமையிடமாக வைத்திருக்கின்றன, பங்குச் சந்தையே 2000-ல் பழைய நகர மையத்தை விட்டுச் சாண்டனுக்குக் குடிபோய்விட்டது. இன்சூரன்ஸ், சூப்பர் மார்க்கெட் என்றால் கேப் டவுன். நம் டர்பனில் துறைமுகம், பிராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலை, காகித ஆலை, சர்க்கரை. இப்போது யோசித்துப் பார். வீட்டுச் சாப்பாட்டுக்காக உம்ஷ்லாங்கா வேலையை எடுத்துக்கொண்டவள், கிளையன்டின் தலைமை அலுவலகம் ஜோபர்க்கில் இருப்பதால் திங்கள்கிழமை விடிகாலை கிங் ஷாகாவில் முதல் விமானம் ஏறி, ஓ.ஆர். டாம்போவில் இறங்கி, ஹௌட்ரெயின் விரைவு ரயிலில் கால் மணி நேரத்தில் சாண்டன் வந்து, வியாழன் சாயங்காலம் வரைக்கும் ஹோட்டல் அறையில் கிடக்கலாம். சாண்டனில் சேர்ந்தவள் ரிச்சர்ட்ஸ் பேயில் நிலக்கரி ஏற்றுமதி வேலைக்கு அனுப்பப்பட்டு, ஜோபர்க்கில் பூட்டிக் கிடக்கும் அறைக்கு வாடகை கட்டிக்கொண்டு, கடலோரமாக ஒரு கெஸ்ட் ஹவுஸில் தூங்கலாம். இப்படி இருக்கும் பையன்களை எனக்கே தெரியும்.

ஆகவே இரண்டு கம்பெனியிடமும் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: போன வருடம் என்னைப் போலச் சேர்ந்தவர்கள் போன செவ்வாய்க்கிழமை எந்த ஊரில் இருந்தார்கள்? எச்.ஆரிடம் கேட்டால் "அது ப்ராஜெக்டைப் பொறுத்தது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. லிங்க்ட்இனில் தேடி, சேர்ந்து ஒரு வருடம் ஆன ஆள் ஒருவரைப் பிடித்து, ஒரு காபி நேரம் பேசு. முடிந்தால் வேலையை விட்டுப் போன ஒருவரிடமும் பேசு, அவர்கள்தான் மறைக்காமல் சொல்வார்கள்.

அப்புறம் பெயர். மாமா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. உன்னைத் தெரியாதவர்களிடம் உனக்காகப் பேசுவது அந்தப் பெயர்தான். நாளைக்கு ஒரு வங்கியில் வேலை கேட்டாலும், வெளிநாட்டில் எம்.பி.ஏவுக்கு விண்ணப்பித்தாலும், லண்டன், துபாய் என்று கிளம்பினாலும், உம்ஷ்லாங்கா கம்பெனியின் பெயரை நீ விளக்க வேண்டியிருக்கும், சாண்டன் கம்பெனியின் பெயரை யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் நடத்துபவர்களிடமும், என்3 நெடுஞ்சாலையில் நூறு லாரி ஓட்டுபவரிடமும் நிலைமை தலைகீழ். அவர்களுக்கு அந்தச் சின்னக் கம்பெனியின் முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இருக்கும், உலகக் கம்பெனி என்றால் பவர்பாயின்ட் கொண்டு வருபவர்கள் என்று ஒரு சலிப்புதான் இருக்கும்.

பெரிய கம்பெனிக்குள்ளேயே பெயர் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை என்பதையும் மாமா பார்க்கவில்லை. ஆபரேஷன்ஸ் பிரிவில் போட்டால் நீ ஒரு கிடங்கையே திருப்பிப் போடக் கற்றுக்கொள்வாய். பெஞ்சில் (வேலை ஒதுக்கப்படாமல்) ஆள் இருக்கிறார்களே என்று உன்னை ஒரு வங்கியின் சாஃப்ட்வேர் மாற்றத்தில் தள்ளிவிட்டால், எட்டு மாதம் எக்செல் தாளில் டெஸ்ட் கேஸ்களுக்கு டிக் போட்டுக்கொண்டிருப்பாய். சிவியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், இன்டர்வியூவில் "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று கேட்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். சின்ன இடத்தில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது மாதமே முதலாளி உன்னைக் கிளையன்ட் மீட்டிங்குக்கு இழுத்துக்கொண்டு போவார், ஆள் இல்லையே. அதே சமயம் அந்த முதலாளிக்கும் உனக்கும் ஒத்துவரவில்லை என்றால் மாறிப்போக இன்னொரு பார்ட்னர் (கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் மேலாள்) கிடையாது.

சின்னக் கம்பெனியிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. வருமானத்தில் எத்தனை பங்கு ஒரே கிளையன்டிடமிருந்து வருகிறது? சர்க்கரை என்று நீ எழுதியதால் சொல்கிறேன். டோங்காட் ஹியூலெட் மாதிரி ஒரு பழைய சர்க்கரைக் கம்பெனியே 2022 அக்டோபரில் பிசினஸ் ரெஸ்க்யூவுக்கு (கடனில் தவிக்கும் கம்பெனியை மீட்கும் சட்ட ஏற்பாட்டுக்கு) போனது, அதை நம்பியிருந்த கரும்பு விவசாயிகளிலிருந்து சப்ளையர்கள் வரைக்கும் எத்தனை பேர் ஆடிப்போனார்கள் என்று வடக்குக் கடற்கரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துறைமுகம் பக்கம் கதை வேறு. 2023 கடைசியில் டர்பனுக்கு வெளியே கப்பல்கள் உள்ளே வர இடமில்லாமல் கடலில் வரிசைகட்டி நின்றதை நீயே கரையிலிருந்து பார்த்திருப்பாய். அந்தச் சிக்கலை அவிழ்க்கத் தெரிந்த ஆட்களுக்கு இந்த ஊரில் வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

சம்பளத்துக்கு வருவோம், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாண்டன் லெட்டரில் இருப்பது "காஸ்ட் டு கம்பெனி" தொகையா என்று பார். நம் நாட்டில் பெரிய இடங்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகின்றன. கம்பெனி உன் பென்ஷன் ஃபண்டுக்கும் மெடிக்கல் எய்டுக்கும் (மருத்துவக் காப்பீட்டுக்கும்) போடுவதும் அந்த ஒரே தொகைக்குள் அடக்கம். சின்னக் கம்பெனிகள் சில சமயம் அடிப்படைச் சம்பளத்தைச் சொல்லிவிட்டு மற்றதையும் டிசம்பர் பதின்மூன்றாவது செக்கையும் (ஒரு மாதச் சம்பள போனஸையும்) தனியாகச் சொல்வார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நீ நினைத்த அளவு இருக்காது. இரண்டு கம்பெனியிடமும் மாதிரி பேஸ்லிப் ஒன்று கேள், வரியெல்லாம் கழித்து மாதக் கடைசியில் அக்கவுன்டில் என்ன விழும் என்பதை மட்டும் வைத்துப் பேசு. அதிலிருந்து சாண்டன் பக்க வாடகை, கார், பெட்ரோல், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் டிக்கெட் எல்லாவற்றையும் கழி. கார் இல்லாமல் ஜோபர்க்கில் காலம் தள்ள முடியாது, ஹௌட்ரெயின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடும் ஆபீசும் அமைந்தவர்களைத் தவிர.

மாமா வீட்டில் தங்குவதா? வேண்டவே வேண்டாம். மாமா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. லெனேசியா நகரத்தின் தென்மேற்கு மூலை, சாண்டன் வடக்கு, நடுவில் காலை நேர எம்1 சாலை நெரிசல். ஹௌட்ரெயின் அந்தப் பக்கமே போவதில்லை. கன்சல்டிங்கில் ராத்திரி எட்டு மணிக்கு "இந்த ஸ்லைடை மட்டும் மாற்றிவிடலாமா" என்று ஆரம்பிப்பார்கள், அப்புறம் நீ எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்வாய்? அத்தை தட்டை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பார், அது ஒரு மாதம் நன்றாக இருக்கும். ஆபீசுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒரு அறை பார், ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் எலும்போடு மட்டன் குழம்பு சாப்பிடு.

அம்மா சொல்லும் கோயில் விஷயத்துக்குப் பதில் இருக்கிறது. மெல்ரோஸில் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறதே, சாண்டனிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான், அங்கே காவடியும் எடுக்கிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் தமிழர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை, தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் 1914-ல் இறந்ததும் அந்த ஊரில்தான் என்று அம்மாவிடம் சொல். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவுக்கு நீ லீவு கூடக் கேட்க வேண்டாம், அது ஈஸ்டரோடு வருவதால் நாட்டுக்கே விடுமுறை. திருட்டுப் பயம் பற்றிச் சொன்னால் நம் டர்பனைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும், 2021 ஜூலைக் கலவரத்தை யாரும் மறக்கவில்லை. பார்த்து இருக்க வேண்டும், இரண்டு ஊரிலும்தான்.

அவ்வா விஷயம் மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, அதை நீதான் பார்க்க வேண்டும். அவ்வாவை ஆர்.கே. கான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது யார், மாத்திரை வாங்கி வருவது யார், ராத்திரி கூப்பிட்டால் எழுந்துபோவது யார்? அது நீதான் என்றால், வேறு ஆள் இல்லை என்றால், உம்ஷ்லாங்காவை எடுத்துக்கொள், அங்கேயும் பயணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு. அதில் ஒரு குறையும் இல்லை. அது பெரும்பாலும் அம்மாவும் சித்தியும்தான், உன்னைப் பிரிய மனமில்லாமல் அம்மா அவ்வாவைக் காரணம் சொல்கிறார் என்றால், நீ சாண்டனுக்குப் போ.

ஏன் என்றால் இந்தப் பாதையில் ஒரு பக்கம் இறக்கம், ஒரு பக்கம் ஏற்றம். மூன்று வருடம் சாண்டனில் இருந்துவிட்டு உம்ஷ்லாங்காவில் கதவைத் தட்டினால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், இதே கம்பெனியே இன்னும் நல்ல பதவியில் எடுத்துக்கொள்ளக்கூடும். ஐந்து வருடம் உம்ஷ்லாங்காவில் இருந்துவிட்டு உலகக் கம்பெனிக்குப் போக முயன்றால், முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் உன் அனுபவத்தில் பாதியைக் கழித்துவிட்டுக் கீழ்ப்படியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். உனக்கு 24, குடும்பப் பாரம் இப்போது இருப்பதை விடப் பின்னால் குறையப்போவதில்லை.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம். உன்னை இன்டர்வியூ செய்த ஆபரேஷன்ஸ் பார்ட்னருக்கே ஃபோன் போட்டு, அவர் பிரிவில்தான் உன்னைப் போடுவார்களா என்று கேட்டு, பேசியதை ஒரு மெயிலில் எழுதி அனுப்பி வை. அடுத்தது, சேரும்போது கொடுக்கும் போனஸ், இடம் மாறும் செலவு, படிப்புச் செலவு எதுவாக இருந்தாலும் இத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்தக் காசைத் தொடாமல் ஆறு மாதம் வங்கியிலேயே போட்டு வை. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.

உம்ஷ்லாங்கா முதலாளிக்கு மறுப்பை மெயிலில் அனுப்பாதே, ஃபோனில் சொல். டர்பனில் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கேள்வி: அம்மா, நான் டோங்காட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். என் மகனுக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை வந்திருக்கிறது. ஸ்டேட் கேப்சர் (அரசையே தனியார் சிலர் கைக்குள் போட்டுக்கொண்ட ஊழல்) விசாரணை நடந்த காலத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் தினமும் பேப்பரில் வந்தது. "அப்பா, அதெல்லாம் பழைய கதை" என்கிறான். அந்தப் பெயர் இவன் மேல் கறையாக ஒட்டாதா?

பதில்: ஐயா, நீங்கள் எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, அதனால் பொதுவில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். பெய்ன் (Bain) என்ற கன்சல்டிங் கம்பெனி வருமான வரித் துறையில் செய்த வேலையை 2018-ல் நீதிபதி நூஜென்ட் கமிஷன் கடுமையாகக் கண்டித்தது. 2022-ல் தேசிய நிதித் துறை பத்து வருடத்துக்கு அரசு டெண்டர்களிலிருந்து அந்தக் கம்பெனியை விலக்கி வைத்தது. இன்னொரு கன்சல்டிங் கம்பெனியான மெக்கின்சி, அரசு மின்சார நிறுவனமான எஸ்காமிடம் வாங்கிய கட்டணத்தில் ஏறக்குறைய 100 கோடி ராண்டைத் திருப்பிக் கொடுத்தது, 2024 டிசம்பரில் தென்னாப்பிரிக்க லஞ்ச விவகாரத்துக்காக 12 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது. தணிக்கைக் கம்பெனியான கே.பி.எம்.ஜியில், ஸ்டேட் கேப்சர் ஊழலில் பெயர் அடிபட்ட குப்தா குடும்பக் கம்பெனிகளின் தணிக்கை விவகாரத்தால் 2017 செப்டம்பரில் தலைமை அதிகாரியும் மூத்தவர்கள் பலரும் வெளியேற வேண்டி வந்தது.

இதில் இளம் பிள்ளைகள் யாரும் குற்றவாளி இல்லை, அப்போது அங்கே வேலை பார்த்த ஜூனியர்களுக்குக் கூட வேறு இடங்களில் வேலை கிடைத்தது. ஆனால் பட்டது அவர்கள்தான். கே.பி.எம்.ஜி கிளையன்ட்களை இழந்தபோது 2018-ல் நூற்றுக்கணக்கான வேலைகளைக் குறைத்தது, சில ஊர்க் கிளைகளையும் மூடியது. பெயர் அடிவாங்கினால் முதலில் ஆட்டம் காண்பது தலைமையகம் இல்லை, தூரத்தில் இருக்கும் சின்னக் கிளை. முதல் கடிதம் எழுதிய பெண்ணும் இதைக் கவனிக்கட்டும், பெரிய கம்பெனியின் டர்பன் கிளையில் சேர்ந்தால் பெயரும் கிடைத்தது ஊரும் கிடைத்தது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள், அது எப்போதும் அவ்வளவு சுலபமாக அமைவதில்லை.

மகனிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம். அவர் கேட்க வேண்டியதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: அரசுத் துறை வேலை இப்போது எடுக்கிறீர்களா, எடுக்கும் முன் யார் சரிபார்க்கிறார்கள், தப்பு நடப்பதாக எனக்குப் பட்டால் யாரிடம் போக வேண்டும்? ஆசிரியராக இருந்தவர் நீங்கள், பதில் சொல்லும் பையன் பாடத்தைப் படித்தானா மனப்பாடம் செய்தானா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பீர்கள். மகனும் அப்படிக் கண்டுபிடிக்கட்டும். அதோடு, அடுத்த வேலைக்குப் போகும்போது "அந்த விவகாரத்துக்குப் பிறகும் ஏன் அங்கே சேர்ந்தீர்கள்" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு இப்போதே அவர் மனதில் ஒரு நேர்மையான பதில் இருந்தால் சேரட்டும், இல்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் தேடட்டும்.

கேள்வி: அக்கா, எனக்கு 36. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் பெரிய கம்பெனியில் மேனேஜர். மனைவி கௌதெங் மாகாண அரசுப் பள்ளியில் ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். டர்பனில் ஒரு நடுத்தரக் கம்பெனி பார்ட்னர் ஆக்கும் பாதையோடு கூப்பிடுகிறது. எங்கள் இரண்டு பேர் வீடும் டர்பன் ஃபீனிக்ஸில்தான். இந்தப் பெயரை விட்டுப் போகத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தம்பி, பெயர் உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது. பத்து வருடம் இருந்த இடத்தை சிவியிலிருந்து யாரும் பிடுங்க முடியாது. 24 வயதுப் பெண்ணுக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது, நீங்கள் ஊரைப் பார்த்தே முடிவு செய்யலாம். எனக்கு இருக்கும் கவலை வேறு.

உங்கள் இப்போதைய ஒப்பந்தத்தில் ரெஸ்ட்ரெயின்ட் ஆஃப் ட்ரேட் என்று ஒரு பகுதி இருக்கும், எடுத்துப் படியுங்கள். கிளையன்டைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது, போட்டிக் கம்பெனியில் இத்தனை மாதம் சேரக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1984-ல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பிலிருந்து இந்த நாட்டில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், அது நியாயமற்றது என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள். "பார்ட்னர் ஆக்கும் பாதை" என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை வருடத்தில், எவ்வளவு வேலை கொண்டு வந்தால், பங்கு வாங்க நீங்கள் எவ்வளவு போட வேண்டும்.

மனைவியின் வேலை தானாக மாறி வராது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிக் கல்வித் துறை, க்வாசூலு-நடாலில் அவர் பாடத்துக்குக் காலியிடம் இருந்தால்தான் உண்டு. அதனால் உங்கள் கையெழுத்துக்கு முன்னால் அவருடைய விண்ணப்பம் போகட்டும். பள்ளி ஆண்டு ஜனவரியில் ஆரம்பிப்பதால் பிள்ளைகளுக்காக டிசம்பரில் மாறுவது நல்லது. ஒன்று மட்டும் பாருங்கள், நோட்டீஸ் கொடுத்துவிட்டவர்களுக்கு வருடக் கடைசி போனஸ் கிடையாது என்று பல கம்பெனிகளின் விதியில் இருக்கிறது. பணம் அக்கவுன்டில் விழுந்த பிறகு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.